ஊசியும் ஆண்மகனும்

ஒரு வேலையின் உயர்வு தாழ்வு அவ்வேலையிலேயே உள்ளதா, அதைச் செய்யும் கையில் உள்ளதா, அன்றி அதற்குக் கிடைக்கும் கூலியில் உள்ளதா? பெரிய நூல்களைப் புரட்டாமலேயே, ஒரு சிறு ஊசியைக் கொண்டு இவ்வினாவை ஆராயலாம்.

'கிராஸ் ஸ்டிச்' எனப்படும் குறுக்குத் தையலை நம் இல்லங்களில் அறியாதார் இலர். துணியின் கட்டங்களை எண்ணி, மூலைக்கு மூலை பெருக்கற்குறி போல நூலை இட்டு, கிளியையும் மலரையும் உருவாக்கும் பூத்தையல் அது. அலுவலகம் விட்டு வந்த ஓர் ஆண்மகன் மாலைப் பொழுதில் இதனை மேற்கொள்கிறார் எனக் கொள்வோம். விருந்தினர் படியேறும் ஓசை கேட்டதும் அவர் கை என்ன செய்யும்? துணியைச் செய்தித்தாளின் அடியில் மறைக்கவே விரையும். ஏன்?

ஊசி ஆணுக்கு அயலானது என்பது விடையாகாது. நம் கடைத்தெருக்களில் தையற்பொறி மிதிக்கும் ஆடவரை நாள்தோறும் காண்கிறோம். காஷ்மீரத்துச் சால்வைகளில் 'சோஸ்னி' என்னும் நுண்ணிய பூவேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருவோர் பெரும்பாலும் ஆடவரே. லக்னோவிலும் பரேலியிலும் 'சர்தோசி' என்னும் சரிகை வேலைக்காக மரச்சட்டத்தின் முன் அமரும் ஆடவர் பலர். இவர்களை எவரும் நகைப்பதில்லை.

வீரத்திற்கும் ஊசிக்கும் பகை என்பதும் பொருந்தாது. இரண்டாம் உலகப் போரில் அலெக்சிஸ் காஸ்டாக்லி என்னும் ஆங்கிலப் படை மேஜர் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். 1941 டிசம்பரில் சிறைமுகாமில் இருந்தபடி குறுக்குத் தையலில் ஓர் அலங்காரத் துணியைத் தைத்தார். அதன் ஓரத்தில் அழகுக்காக இட்டவை போலத் தோன்றிய புள்ளிகளும் கோடுகளும் மோர்ஸ் தந்திக் குறிகள்! தம் மன்னருக்கு வாழ்த்தும், ஹிட்லருக்கு வசையும் அவற்றில் மறைந்திருந்தன. பொருளறியாத காவலர் அத்துணியைப் பல முகாம்களில் காட்சிக்கு வைத்தனர். அந்த ஊசியைக் கோழையின் கருவி என யார் சொல்வர்?

அவ்வாறாயின் மாலைப் பொழுதில் தைப்பவரின் நாணத்திற்குக் காரணம் யாது? அவர் தையலுக்குக் கூலி இல்லை, அதுவே காரணம். கூலிக்குத் தைத்தால் தொழில். வீட்டில் கூலியின்றித் தைத்தால் 'பெண் வேலை'. இங்கே நாம் இகழ்வது ஊசியை அன்று, கூலியற்ற உழைப்பை. அவ்வுழைப்பின் பெரும்பகுதியைச் சுமப்போர் நம் வீட்டுப் பெண்டிர். ஆகவே, தைக்கும் ஆணை நோக்கி எழும் நகைப்பு உண்மையில் நம் தாயர்மீதும் மனைவியர்மீதும் விழுகிறது.

பெண் வேலை என இகழப்படும் இந்நுண்வேலை எத்துணை வலியது என்பதற்கு நம்மவர் பலரின் சொந்த ஊர்ப்பக்கமான நாகர்கோவிலே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அவ்வூர் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில், மிஷனரியின் மனைவியான மால்ட் அம்மையார் ஏழைச் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவ்வருவாயைக் கொண்டு அடிமைநிலையிலிருந்து தம்மை விடுவித்துக்கொண்ட பெண்களும் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே நூல் சிலரது தளையை அறுத்துவிட்டது.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நாம், சம்பளத்தைக் கொண்டே மனிதரை அளக்கப் பழகிவிட்டோம். அவ்வளவுகோலுக்கு ஓய்வு பெறும் நாள்வரைதான் பயன். அதன்பின் அது நம்மையே சிறுமைப்படுத்தும். கட்டம் எண்ணி, பிழை கண்ட இடத்தில் பொறுமையாகப் பிரித்து, மீண்டும் தைக்கும் தந்தையைக் காணும் மகன் இரண்டு உண்மைகளை உணர்வான்: ஊதியமற்ற வேலைக்கும் பெருமை உண்டு, அம்மா செய்வதும் வேலையே. விருந்தினர் வரட்டும்; துணி மேசைமேல் இருக்கட்டும்.