அலையும் மனத்தை அழைத்து வருதல்

மாலை ஆரதி முடிந்திருந்தது. ஒரு தாய் தம் எட்டு வயது மகனுடன் வந்து ஆசிரமத்தின் மூத்த துறவியை வணங்கினார்.

"மகராஜ், இவனால் புத்தகத்தின் முன் ஐந்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. பென்சில் எடுக்கப் போனால் எதற்குப் போனோம் என்பதையே மறந்துவிடுகிறான். பள்ளியில் நாள்தோறும் புகார். திட்டினேன், அடித்தும் பார்த்தேன். மன ஒருமைப்பாடு வர இவனுக்கு ஒரு மந்திரம் சொல்லுங்கள்."

துறவி சிறுவனிடம் ஒரு பூக்கூடையைக் கொடுத்து, பூஜையறை வாசலில் வைத்துவிட்டு வருமாறு அனுப்பினார். பிறகு தாயிடம் கேட்டார்:

"நீங்கள் ஜபம் செய்வதுண்டா, அம்மா?"

"தினமும் காலையில் செய்கிறேன்."

"அப்போது மனம் எத்தனை முறை வெளியே ஓடுகிறது?"

"கணக்கே இல்லை, மகராஜ்."

"ஓடும் ஒவ்வொரு முறையும் உங்களை யார் அடிக்கிறார்கள்?"

தாயால் பதில் கூற இயலவில்லை.

அர்ஜுனனின் முறையீடு

பறவையின் கண்ணைத் தவிர வேறெதையும் காணாத வில்லாளி என்று புகழப்பட்டவன் அர்ஜுனன். அவனே பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மனம் காற்றைப்போல் அடக்குதற்கு அரியது என்று முறையிடுகிறான். பகவான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அது கடினமே என்று ஒப்புக்கொண்டு, அப்யாசம், வைராக்கியம் என்னும் இரு வழிகளைக் காட்டுகிறார். மனம் எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கிருந்தெல்லாம் அதைத் திருப்பிக் கொண்டுவருக என்பதே அவரது உபதேசம். இத்தனை முறைதான் என்று அவர் எல்லை வகுக்கவில்லை.

எல்லோர்க்கும் கடினமான இப்பணி சில குழந்தைகளுக்குப் பன்மடங்கு கடினம். கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த இந்நிலையை மருத்துவர்கள் ஏ.டி.ஹெச்.டி. என்கின்றனர். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் 1902-ஆம் ஆண்டிலேயே இத்தகைய குழந்தைகளைப் பற்றி உரையாற்றினார். இவர்களது மூளையின் மேலுறை, மற்றக் குழந்தைகளைவிடச் சராசரியாகச் சுமார் 3 ஆண்டுகள் தாமதமாக முதிர்வதை 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எனவே இதைப் பிடிவாதம் என்றோ, வளர்ப்பின் குற்றம் என்றோ, முற்பிறவிப் பாவம் என்றோ கருதுவது அறியாமை. நாள்தோறும் 'மக்கு', 'அடங்காதவன்' என்று கேட்கும் குழந்தை, நாளடைவில் அதையே தன் இயல்பென நம்பிவிடுகிறது. கவனச் சிதறலைக் காட்டிலும் பெரிய கேடு அதுவே.

பயிற்சி யாருக்கு?

அப்யாசமும் வைராக்கியமும் இங்கே முதலில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரியவை.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையை, சிறிய வாக்கியத்தில் சொல்லுதல். வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடப் பகுதிகளாகப் பிரித்து, இடையே ஓடியாட விடுதல். படிக்கும் இடத்திலிருந்து தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அகற்றுதல். வகுப்பில் ஆசிரியருக்கு அருகே அமரச் செய்தல். அன்றாட வேலைகளை வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டுதல். ஒன்றை முடித்தவுடன் தாமதமின்றிப் பாராட்டுதல். கவனம் சிதறும்போது தோளை மெல்லத் தொட்டு, விட்ட இடத்தைக் காட்டினால் போதும். இதுவே அப்யாசம். அடுத்த வீட்டுக் குழந்தையின் மதிப்பெண்ணோடு ஒப்பிடும் ஆசையையும், ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சத்தையும் விடுவது வைராக்கியம்.

செடியை எவரும் இழுத்து வளர்க்க இயலாது, அது தானே வளரும். நீரும் வேலியும் அளிப்பதே நம் கடமை என்ற கருத்தைச் சுவாமி விவேகானந்தர் கல்வி பற்றிப் பேசுகையில் வலியுறுத்தினார். மருத்துவமும் அவ்வேலியின் ஒரு பகுதியே. வீடு, பள்ளி ஆகிய இரண்டிலும் இந்நிலை ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தால், குழந்தைநல மருத்துவரையோ மனநல மருத்துவரையோ அணுக வேண்டும். பார்வை, செவித்திறன், உறக்கம் ஆகியவற்றில் குறையுள்ளதா என்பதையும் அவர்கள் சோதிப்பார்கள். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற அரசுத் திட்டத்தின் பட்டியலிலும் இக்குறைபாடு இடம்பெற்றுள்ளது. மருத்துவர் தேவையெனக் கருதி மருந்து தந்தால், அதை ஏற்பது இறைநம்பிக்கையின் குறைவு ஆகாது. பிரார்த்தனை மருந்துக்கு மாற்றன்று. அந்த நெடிய பயணத்தில் பெற்றோரைத் தாங்கும் வலிமை அது.

பூக்கூடையுடன் சென்ற சிறுவன் வெகுநேரமாகியும் திரும்பவில்லை. தாய் எழுந்து சென்று பார்த்தார். கூடையைப் படியில் வைத்துவிட்டு, ஊர்ந்து செல்லும் எறும்பு வரிசையில் அவன் மெய்ம்மறந்திருந்தான். உரத்த குரலெடுக்க வாய் திறந்தவர், நிறுத்திக்கொண்டார். அருகில் அமர்ந்து தாமும் அவ்வரிசையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கூடையை அவன் கையில் கொடுத்து, "வா, இதை வைத்துவிட்டு வரலாம்" என்று உடன் நடந்தார்.

திரும்பி வந்த அவரிடம் துறவி கூறினார்: "மந்திரம் கேட்டீர்களே அம்மா, அது இதுதான். எத்தனை முறை என்று மட்டும் எண்ணாதீர்கள்."