மனத்தாங்கலையும் சொல்லுங்கள்

மனநல ஆலோசகரைத் தேடும்போது பலரும் முதலில் கேட்பது, "அவர் எந்த முறையில் சிகிச்சை தருகிறார்?" என்றுதான். முறை முக்கியம்தான். ஆனால் அது வேலை செய்ய, எதிரே உட்கார்ந்திருப்பவர்மேல் ஒரு நம்பிக்கை பிறக்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் ஆலோசகருக்கும் அவரை நாடி வருபவருக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்னென்ன செய்யப் போகிறோம் என்ற இரண்டிலும் இருவருக்கும் உடன்பாடு; மூன்றாவது, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 30,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 295 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. சிகிச்சை முறை எதுவானாலும், உறவு பலமாக இருந்த இடத்தில் பலனும் கூடுதலாகவே தென்பட்டது. தொடர்பு மிதமானதுதான், ஆனால் திரும்பத் திரும்பக் காணக் கிடைப்பது.

நல்ல உறவு என்றால் உரசலே இல்லாதது என்று அர்த்தமில்லை. "போன வாரம் நீங்கள் சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தது" என்று ஒருவர் சொல்ல, ஆலோசகர் சாக்குச் சொல்லாமல், "எந்த இடத்தில்? சொல்லுங்கள்" என்று கேட்டால், அந்த நிமிடமே சிகிச்சைதான். எல்லாவற்றையும் விழுங்கியே பழகியவருக்கு, மனத்தாங்கலைச் சொல்லியும் உறவு முறியவில்லை என்பது புது அனுபவம்.

ஆகவே, ஒரு வார்த்தை பிடிக்கவில்லை என்பதற்காகச் சொல்லாமலே நின்றுவிடாதீர்கள். முதலில் அவரிடமே சொல்லிப் பாருங்கள். காது கொடுத்துக் கேட்டால் தொடருங்கள். சொன்னதற்கே முகம் சுளித்தால், வேறு ஆலோசகரைத் தேடத் தயங்காதீர்கள்.