கம்பளியும் மேய்ச்சல் நிலமும்: கலை கற்றல் பற்றிய ஓர் அறவினா

ஒரு கைவினையைக் கற்றவர் எதனைக் கற்றவராகிறார்? விரல்களின் பழக்கத்தையா, அன்றி அப்பழக்கத்தைத் தோற்றுவித்த வாழ்க்கை முறையையா? மரபுக் கலைகளைப் பேணுதல், பயிற்றுதல், கொண்டாடுதல் என்னும் சொற்கள் பெருவழக்காகிவிட்ட இக்காலத்தில் இவ்வினா அறவியல் சார்ந்ததாகின்றது. கைத்திறன் உலகப் பொதுச்சொத்து, கற்க விரும்பும் எவரும் கற்கலாம் என்பது ஒரு சாரார் கருத்து. அது பிறப்போடு வருவது, பிறர் கற்பது வெறும் போலியே என்பது மறுசாரார் கருத்து. இவ்விரண்டும் ஆராய்தற்குரியன.

கந்தளாய்க் குளத்தைக் கோணேசர் கல்வெட்டுக் குளக்கோட்டனோடு தொடர்புபடுத்தும். சிங்கள வரலாற்று மரபு ஏழாம் நூற்றாண்டு மன்னனான இரண்டாம் அக்கபோதிக்கு உரியதாக்கும். இத்தகைய குளங்களும் வில்லுகளும் மலிந்த கிழக்கிலங்கையில், பன் அறுத்து உலர்த்திப் பாய் இழைக்கும் தொழில் பெரும்பாலும் பெண்களின் கைகளில் வளர்ந்தது. பாய் இழைப்பவள் பின்னலை மட்டும் அறிந்தவளல்லள். பன் எப்போது முற்றும், எப்போது அறுக்கலாம், எவ்வளவு வெயில் வேண்டும் என்பவற்றையும் அவள் அறிவாள். குளத்தைப் பற்றிய அறிவும் பாயினுள் அடங்கியிருக்கின்றது. இவ்வுண்மையை மேலும் துலக்கமாகக் காட்டுவது செம்மறியாட்டின் உரோமத்தால் நெய்யப்படும் கம்பளியாகும்.

முல்லைக்கலி ஆயரைக் கோவினத்தார், புல்லினத்தார் எனப் பிரித்துக் காட்டும். புல்லினம் என்றது ஆட்டினத்தை. அவ்வினத்தை நம்பிய வாழ்வு தக்காணத்துக் குறும்பரிடையே கம்பளி நெசவாகவும் வளர்ந்தது. ஆண்டுக்கு இருமுறை ஆடுகளின் உரோமம் கத்தரிக்கப்படும். பெண்கள் அதனை நூலாக நூற்பர். பாவை நீளவிரித்துப் புளியங்கொட்டைக் கூழ் பூசி உறுதிப்படுத்துவர். பின்னர் குழித்தறியில் ஆண்கள் நெய்வர். கருமையும் சாம்பலும் சாயத்தால் வந்த நிறங்களல்ல. ஆட்டின் நிறமே கம்பளியின் நிறம். அக்கம்பளியே மேய்ப்பனுக்கு மழையில் குடையும் இரவில் படுக்கையும் ஆயிற்று. ஆடுகளோ அறுவடை முடிந்த வயல்களில் கிடை கிடந்து உரமளித்தன. உழவர் தானியம் அளித்தனர். இவ்வாறு வயலும் ஆடும் தறியும் ஒரே வாழ்வின் உறுப்புக்களாயின.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வுறவு தளர்ந்தது. ஆட்டை இறைச்சிப் பொருளாகவே நோக்கும் கொள்கை மேலோங்க, உரோமமற்ற இனங்கள் மந்தைகளிற் கலந்தன. கம்பளி நெசவுக்குப் பேர்பெற்ற கருநாடகத்துச் சள்ளக்கெரெப் பகுதியில், 2008ஆம் ஆண்டை அடுத்து ஆயிரக்கணக்கான ஏக்கர் புல்வெளி ஆராய்ச்சி, பாதுகாப்பு நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. இந்நிலையில் ஒரு பயிற்சி நிலையம் வேற்று நூலைத் தந்து கம்பளி நெசவைக் கற்பிக்குமாயின், அங்கே தறி இயங்கும். ஆனால் ஆட்டின் தேவை இராது.

அமெரிக்காவின் நவாஹோ மக்கள் இவ்வினாவை வேறொரு வகையில் எதிர்கொண்டவர்கள். 1864இல் படையினரால் தாயகத்தினின்றும் வெளியேற்றப்பட்ட அவர்கள், 1868ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் மீண்டு, மந்தைகளை மறுபடியும் பெருக்கினர். 1930களில் மண்ணரிப்பைத் தடுக்கும் பொருட்டு அரசு அம்மந்தைகளைக் குறைத்தது. மண்ணரிப்பு மெய்யான இடரே. ஆயினும் ஆடுகளின் உடைமையாளரும் நெசவாளருமான பெண்களின் கருத்து மதிக்கப்படவில்லை. அவர்தம் தொன்மையான சுர்ரோ ஆட்டினம் அருகிப்போயிற்று. 1977இல் அவ்வினத்தை மீட்கும் முயற்சி தொடங்கியது. பின்னர் 'செம்மறியே வாழ்வு' என்னும் பெயரில் விழாவும் எழுந்தது. அவ்விழாவில் உரோமம் கத்தரித்தல், நூற்றல், நெய்தல் ஆகியன ஒருங்கே காட்டப்படுகின்றன. கல்வி அங்கு ஆட்டிலிருந்தே தொடங்குகின்றது.

பிறப்பே தகுதி என்பாருக்கும் அம்மக்களின் வரலாற்றிலே விடையுண்டு. நவாஹோ மக்களின் ஆடுகள் இசுப்பானியர் கொணர்ந்தவை. தறியோ அயலவரான புவெப்லோ மக்களிடமிருந்து கற்றது. இன்று மரபு எனப் போற்றப்படுவது ஒருகாலத்தில் பிறரிடம் கற்ற பாடமே. ஆகவே கற்பவர் யார் என்பதைவிட, கற்றபின் எப்பொறுப்பை ஏற்கிறார் என்பதே தகுதியைத் தீர்மானிக்கும்.

இங்கே ஒரு தடை எழலாம். மேய்ப்பரின் வாழ்வு கடினமானது. நகரத்தார் கண்டு மகிழ்வதற்காக மேய்ப்பரின் பிள்ளை மழையிலும் வெயிலிலும் ஆட்டின்பின் அலைய வேண்டுமென்று கேட்க எவருக்கு உரிமையுண்டு? எவருக்கும் இல்லை. அப்பிள்ளை வேறு தொழிலை நாடுவது அவனது உரிமை. ஆயின் மேய்ச்சல் நிலம் பறிபோனபின், உரோமம் விலைபோகாத நிலையில் அவன் தொழிலை விடுவானெனில், அதனை விரும்பித் தெரிந்தது என்று கூறவியலுமா? புல்வெளியை எடுத்துக்கொண்ட சமுதாயமே கம்பளியைக் கண்காட்சியில் வைத்துப் புகழுமாயின், அப்புகழ் கொடுக்கவேண்டிய கடனை மறைப்பதற்கே பயன்படும்.

எனவே கைவினை கற்றலில் இரு கடமைகள் உள்ளன. நெய்தவரின் உழைப்புக்கு நேர்மையான விலை கொடுத்தல் ஒன்று. அக்கலைக்கு ஊற்றாகிய புல்லையும் நீரையும் உயிரையும் காத்தல் மற்றொன்று. இரண்டாவதே பெரிதும் மறக்கப்படுகின்றது. 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குளம் தானே நிலைத்திருப்பதன்று, மனிதர் பேணினாலன்றி நில்லாது என்பதை அத்துயரம் உணர்த்திற்று. புல்வெளிக்கும் பன் வளரும் நீர்க்கரைக்கும் இது பொருந்தும். பாய் இழைக்கக் கற்கும் மாணவி பின்னலோடு குளக்கரையையும் பேணக் கற்பாளாயின், அவள் எவ்வினத்தவளாயினும் அம்மரபுக்கு உரியவளே. பின்னலை மட்டும் கற்போர், எத்துணை அழகுற இழைப்பினும், அக்கலையின் ஒரு பாதியையே கற்றவராவர்.