சிந்திய கதிர் யாருக்கு?



போவாஸின் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தை அறிவீர்கள். புறத்தேசத்துப் பெண், விதவை, கையில் காசில்லாதவள். ஆயினும் அவள் பிச்சை கேட்கவில்லை. வயலோரத்தை முற்றாக அறுக்காமலும், சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்காமலும் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடும்படி சர்வேசுரன் மோயீசன் வழியாகக் கட்டளையிட்டிருந்தார். ஆகவே சிந்தியது அவளுக்கு உரிமை. அவளுடைய வம்சத்திலேதான் தாவீது அரசரும், காலம் நிறைவேறியபோது நமது ஆண்டவரும் பிறந்தார்கள்.

நம் கொங்குச் சீமையிலும் இதற்கொப்பான வழக்கம் இருந்தது. மானாவாரிக் காட்டில் சோளத்துக்கு ஊடே தட்டைப்பயறும் அவரையும் விதைப்பார்கள். களையெடுக்க வந்தவள் மடியில் கீரையோடு வீடு திரும்புவாள். கடலைக்காய் பிடுங்கிய காட்டைக் கிளறி அவள் பிள்ளைகள் மிச்சத்தைப் பொறுக்கும். இன்று பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, கோயமுத்தூரைச் சுற்றி வீட்டுமனை, மீதிக் காட்டுக்குக் கம்பிவேலி.

இக்காலத்தில் பட்டினி ஏது என்பீர்கள். 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பருப்பு? அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. நாலு பேருள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம்! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை கண்டது. காரணம் பல; வெறுஞ்சோறும் அதிலொன்று. பல்லடத்துப் பக்கம் கறிக்கோழிக்குச் சத்தைக் கணக்கிட்டுத் தீவனம் வைக்கிறோம். அந்தக் கொட்டகையைக் கூட்டுகிறவளின் வட்டிலை எவர் கணக்கிட்டார்?

பருப்பும் முட்டையும் கூலிக் காசில்தான் வாங்க வேண்டும். அந்தக் கூலியை "நாளைக்கு", "சந்தை கழியட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் நம் பங்கிலும் உண்டு. கூலியாளின் கூலியைப் பிடித்து வைப்பது பரலோகத்தை நோக்கிக் கூக்குரலிடும் நான்கு பாவங்களில் ஒன்றென்று ஞானோபதேசத்தில் படித்தோமே! கூலி வராத வீட்டில் முதலில் நிற்பது முட்டையும் பாலும். அதுவும் தாயின் பங்கிலிருந்துதான் முதலில் குறையும்.

தோட்டமுள்ளவர்கள் இவ்வருஷம் வரப்போரம் அவரையும் தட்டைப்பயறும் நாலு முருங்கையும் வையுங்கள். வேலைக்கு வருகிறவர்களிடம் "பறித்துக்கொள்ளுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் கூச்சப்பட்டுத் தொடமாட்டார்கள். பாக்கிக் கூலி இருப்பவர்கள் வருகிற ஞாயிறு பூசைக்குள் அதைத் தீர்த்துவிடுங்கள்.

உங்கள் பங்குக்குரு