வளைவில் நிற்பவர்

புதன்கிழமை மாலை எங்கள் கழகம் கூடும் சாரணர் கூடத்தின் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது சூடான மோட்டாரின் வாசம். கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் செம்பு. பழைய தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டு ஓட்டினால் வருமே, அதற்கு நெருங்கிய உறவு. இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மத் நகரத்தில், பதினோரு ஆண்டுகளாக என் புதன்கிழமைகள் இந்த வாசத்தில்தான் கழிகின்றன. ஸ்லாட் கார் செய்கிறேன், ஓட்டுகிறேன்.

அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெரிய மேசைகளை ஒன்றோடொன்று சேர்த்தது போன்ற பலகைத் தளம். அதில் வளைந்து நெளிந்து ஓடும் நான்கு காடிகள். தச்சர்கள் பலகையில் எடுப்பார்களே, அதே காடிதான். ஒவ்வொரு காடிக்கும் இரு கரையிலும் செம்புப் பட்டை, அதில் 12 வோல்ட் மின்சாரம். உள்ளங்கை நீளக் காரின் மூக்குக்கு அடியில் ஒரு சிறு நாக்கு. அந்த நாக்கு காடிக்குள் இறங்கி நிற்கும், அதன் இருபுறமும் உள்ள செம்புப் பின்னல்கள் பட்டையைத் தொட்டு மின்சாரத்தை மோட்டாருக்குக் கொண்டுபோகும். நம் கையில் இருப்பது துப்பாக்கி விசை போன்ற ஒரு விசை கொண்ட கன்ட்ரோலர் மட்டுமே. அழுத்தினால் வேகம், விட்டால் பிரேக். ஸ்டியரிங் கிடையாது.

தானாகவே வழி போகிற வண்டியில் ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்காத நண்பர் இல்லை. கேட்பவரை ஒருநாள் கூட்டிவந்து விசையைக் கையில் கொடுத்துவிடுவேன். முதல் வளைவிலேயே கார் காடியைவிட்டுப் பறந்து சுவரோரம் போய்க் கிடக்கும். எங்கள் தளம் ஒரு சுற்றுக்கு முப்பது மீட்டர், நல்ல கை பத்து நொடியில் சுற்றிவிடும். நொடிக்கு மூன்று மீட்டர். கார் நிஜத்தில் 32இல் ஒரு பங்கு என்பதால், அந்த அளவில் பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 345 கிலோமீட்டர். காரைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. ஆகவே இந்தச் சின்ன வண்டிகள் பெரிய வண்டியைவிடச் சடுதியாகத்தான் தவறும். எப்போது அழுத்துவது என்பது ஒரு மாலையில் வந்துவிடும். எப்போது விடுவது என்பதற்கு எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

விசையை விட்டதும் வண்டி எப்படி நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், அது எனக்கு இன்றும் வியப்பு. விரலை எடுத்த கணத்தில் கன்ட்ரோலர் மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. அதுவரை மின்சாரத்தைத் தின்று ஓடிய மோட்டார், உருளும் சக்கரத்தால் சுழற்றப்பட்டுத் தானே மின்சாரம் உண்டாக்கும் டைனமோவாகிவிடும். அந்த மின்சாரம் தன் சுழற்சியையே எதிர்த்து இழுக்கும். பிரேக் கட்டை என்று எதுவும் இல்லை.

இந்த விளையாட்டு பிறந்ததும் பக்கத்து ஊரில்தான். போர்ட்ஸ்மத்தை அடுத்த ஹேவன்ட்டில் மினிமாடல்ஸ் என்ற நிறுவனத்தை நடத்திவந்த ஃபிரெட் பிரான்சிஸ், 1952இலிருந்து தகரத்தில் சாவி கொடுத்து ஓடும் ஸ்கேலெக்ஸ் கார்களை விற்றுவந்தார். அந்த மோகம் தணிந்தபோது அதே தகரக் கார்களுக்குள் மின்மோட்டாரை வைத்தார். ஸ்கேலெக்ஸும் எலெக்ட்ரிக்கும் சேர்ந்து ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்று பெயராயிற்று. 1957 ஜனவரியில் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் அது வெளிவந்தது. அறுபதுகளில் அமெரிக்காவில் இதற்கென்றே கடைத்தெருக்களில் பெரிய தளங்கள் முளைத்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மூடியும் போயின. மிஞ்சியது கழகங்கள். சாரணர் கூடங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் வாரம் ஒருமுறை கூடுகிற பத்துப் பதினைந்து பேர்.

நான் கழகத்துக்குப் போன முதல் இரவில் எனக்குக் கன்ட்ரோலரைக் கொடுக்கவில்லை. கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் என்னை மூன்றாம் வளைவுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார். "காடியைவிட்டு வருகிற வண்டியை எடுத்து வை. எந்த நிறக் காடியிலிருந்து வந்ததோ அதே காடியில். போட்டியைப் பார்க்காதே, உன் வளைவைப் பார்." அவ்வளவுதான். இரவு முழுக்கக் குனிந்து குனிந்து பிறர் கார்களை எடுத்து வைத்தேன். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. வீடு திரும்பும்போது மனம் சுண்டிப்போயிருந்தது. புதியவனை எடுபிடியாக வைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம்தான் புரிந்தது. அங்கே எல்லோரும் எடுத்து வைப்பவர்களே. ஓர் ஓட்டத்தில் நான்கு பேர் ஓட்டினால், சற்றுமுன் ஓட்டி முடித்த நான்கு பேர் வளைவுகளில் நிற்க வேண்டும். மார்ஷல் என்று பெயர். நான்கு காடிகளிலும் ஆளுக்கு மூன்று நிமிடம் ஓட்டினால் ஓர் இரவில் பன்னிரண்டு நிமிடம் நம்முடையது. இன்னொரு பன்னிரண்டு நிமிடம் பிறருடைய வண்டிக்காக வளைவில் நிற்பது. வந்து நிற்காதவருக்கு எங்கள் கழகத்தில் சுற்றுகளைக் குறைத்துவிடுவார்கள். எவ்வளவு நன்றாக ஓட்டியிருந்தாலும் சரி.

இந்த வேலையில் அவசரம் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. பக்கத்துக் காடியை மறித்துக் கிடக்கும் வண்டியை முதலில் எடுக்க வேண்டும். ஓடிவரும் வண்டிக்குக் குறுக்கே கை போகக் கூடாது. பதற்றத்தில் தவறான காடியில் வைத்துவிட்டால் அந்தக் கார் வேறொருவர் விரலுக்கு ஓடத் தொடங்கும். உரியவர் விசையை அழுத்திக்கொண்டு நிற்பார், அவருடைய வண்டி இன்னொருவர் இஷ்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர் பிறகு தவறு செய்யமாட்டார்.

எனக்கு அந்த வளைவில் நிற்கும்போதெல்லாம் அப்பாவின் நினைவு வரும். வடசென்னையில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். காலையில் லாம்பிரெட்டாவில் என்னைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாசர்பாடி சப்வேயில் தண்ணீர் நிற்கும். நடுவே ஏதாவது ஓர் அம்பாசிடரோ வேனோ இன்ஜினில் நீர் ஏறி நின்றிருக்கும். அப்பா சரிவின் தலையிலேயே ஸ்கூட்டரை நிறுத்திவிடுவார். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, "எறங்குடா, ஒரு கை குடு" என்பார். தள்ளி மேலே ஏற்றுவோம். வண்டிக்காரர் கதவைத் திறந்து இறங்குவதற்குள் அப்பா ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பியிருப்பார். நனைந்த சட்டையோடு வகுப்புக்கு வெளியே நின்ற நாட்கள் எனக்கு ஒன்றிரண்டல்ல. அவருக்கும் தாமதத்துக்கு மெமோ வரும். "ஊரார் வண்டியத் தள்ளவா உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" என்று அம்மா கேட்பார். அப்பா பதில் சொன்னதில்லை. நாற்பது வயதுவரை நான் அம்மா கட்சி. அப்பா தன் வாழ்க்கையின் நல்ல நேரத்தை வழியில் கிடந்தவர்களுக்குச் செலவழித்துவிட்டார், அதனால்தான் ஃபிட்டராகவே ஓய்வுபெற்றார் என்று உறுதியாக நம்பினேன்.

அதை நான் தியாகம் என்ற கணக்கில் வைத்திருந்தேன். பாராட்டினாலும் குறை சொன்னாலும் அதே கணக்குதான். வளைவில் நின்று பழகியபிறகு அந்தக் கணக்கு எனக்கு நேராக வரவில்லை. எதிரியின் காரை எடுத்து வைக்கும்போது நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் என்னைவிடப் பெரியவரும் ஆகவில்லை, சிறியவரும் ஆகவில்லை. நன்றி சொல்ல நேரமும் இல்லை, தேவையும் இல்லை. அது என் முறை, அவ்வளவுதான்.

நம் மொழியில் இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வைத்திருக்கிறார்கள். வாய்க்காலில் முறைத் தண்ணீர் என்பார்கள். இன்றிரவு உன் வயலுக்கு, நாளை என் வயலுக்கு. மாமன் முறை, அத்தை முறை என்று உறவுக்கும் அதே சொல். இது முறையா என்று நியாயம் கேட்கவும் அதே சொல். அப்பா சப்வேயில் செய்ததும் உபகாரம் என்ற எண்ணத்தில் இருந்திருக்காது. மழையில் நின்ற வண்டியைப் பார்த்ததும் தன் முறை வந்துவிட்டது என்று இறங்கியிருக்கிறார். வண்டிக்காரர் வருவதற்குள் கிளம்பிவிடுவாரே, அது கூச்சம் என்று நினைத்திருந்தேன். நன்றி வாங்கினால் முறை உபகாரமாகிவிடும். அதற்குத்தான் அந்த அவசரம் என்று இப்போது தோன்றுகிறது. அவரிடம் கேட்க இனி வழியில்லை.

நான் முறை தவறிய கதையையும் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன், அந்த ஆண்டின் புள்ளிக் கணக்கில் என்னோடு சமமாக நின்ற ஒருவர் கடைசிப் போட்டியில் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஏற்கெனவே ஓட்டி முடித்து வளைவில் நின்றேன். அவர் கார் காடியைவிட்டு என் கையருகே வந்து விழுந்தது. நான் தாமதித்தேன். அரை நொடி இருக்கும். பக்கத்து வண்டி கடக்கட்டும் என்று காத்ததாக யாரும் நினைக்கலாம், பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை. அரை நொடி என்றால் எங்கள் தளத்தில் ஒன்றரை மீட்டர். அவர் என்னைவிட ஒரு மீட்டர் பின்தங்கி முடித்தார். கோப்பையை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அலமாரியில் வைக்க மனம் வரவில்லை. மறுவாரம் அந்த நண்பரிடமே சொன்னேன். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் தன் காரின் பின்னலைச் சீவத் திரும்பிவிட்டார். கோப்பையை அவர் வாங்கிக்கொள்ளவும் இல்லை. கப்பல் பட்டறைப் பெரியவரிடம் போய்ச் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. "இன்றைக்கும் அதே வளைவில் நில்" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் டால்பின் என்ற காரைச் செய்யத் தொடங்கினேன். 1984 பிப்ரவரியில் அப்பா என்னைச் சோழவரத்துக்குக் கூட்டிப்போயிருந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது. தூசியும் பெட்ரோல் வாசமும் வைக்கோல் கட்டுகளும் நினைவில் இருக்கின்றன. யார் ஜெயித்தார் என்பது இல்லை. ஒரு சின்ன டால்பின் கார் வைக்கோலில் போய்ச் செருகிக்கொண்டது. கொடியோடு நின்ற இருவர் ஓடிவந்து அதைத் தள்ளி வெளியே எடுத்தார்கள். அப்பா என் தோளைத் தட்டிக் காட்டியது அவர்களைத்தான்.

டால்பின், 1982இல் பெங்களூரின் சிபானி நிறுவனம் கொண்டுவந்த இரண்டு கதவு வண்டி. ஃபைபர் கிளாஸ் உடம்பு, 848 சிசி இன்ஜின். எடை குறைவு என்பதால் பந்தயக்காரர்களுக்குப் பிடித்தது. அதன் மூலவடிவம் ரிலையன்ட் கிட்டன், இங்கிலாந்தில் டாம்வொர்த்தில் செய்த கார். பெட்டியில் போட்டு விற்கும் டால்பின் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பழைய படங்களைப் பார்த்து அளவெடுத்து, மரத்தில் ஓர் அச்சைச் செதுக்கினேன். நீளம் பத்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல். துளையிட்ட பெட்டிமேல் அச்சை வைத்து, பெட்டியை வேக்யூம் கிளீனரோடு இணைத்து, அடுப்பில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் போர்த்தினால் காற்று உறிஞ்சப்பட்டுத் தகடு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஏழு தகடு வீணாயின. எட்டாவதில் முன்விளக்குகளின் வடிவம் சரியாக விழுந்தது.

அடிச்சட்டம் பித்தளைக் கம்பியில் பற்றவைத்தது. மோட்டார் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று, 9 பல்லுக்கு 27 பல் கியர், ஆக அச்சுக்கு மூன்றில் ஒரு பங்கு. டயர்களைச் சக்கரத்தோடு ஒட்டி, மோட்டாரைச் சுழலவிட்டு உப்புத்தாளில் மெல்ல அழுத்தி வட்டமாக்க வேண்டும். கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிற புது டயர் வட்டம் அல்ல என்பது அப்போதுதான் தெரியும். டால்பினுக்கு நீளம் குறைவு, அகலம் குறைவு, உயரம் கூடுதல். வளைவில் கவிழத்தான் பிறந்தது. ஈயத் தகட்டை வெட்டி அடியில் ஒட்டினேன், போதவில்லை. கடைசியில் உடம்பையும் அடிச்சட்டத்தையும் பிணைக்கும் திருகுகளை முக்கால் சுற்றுத் தளர்த்தினேன். இறுக்கி வைத்த வண்டி ஒவ்வொரு அதிர்விலும் துள்ளும். தளர்த்தியது உடம்பைக் கொஞ்சம் ஆடவிட்டு, சக்கரத்தைப் பலகையில் நிறுத்திவிடும். எத்தனையோ மாலைகள், பன்னிரண்டு நிமிட ஓட்டத்துக்கு. என் மனைவி இந்த விகிதத்தைப் பற்றி ஒருமுறை கேட்டாள். பொங்கல் பானை பொங்குவதும் ஒரு நிமிடம்தானே என்றேன்.

போன மாதம் டால்பினை முதன்முதலாகப் போட்டிக்குக் கொண்டுபோனேன். கப்பல் பட்டறைப் பெரியவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. தூரத்து வளைவில் கார் தெரியாது என்பதால் ஓட்டுவதை விட்டுவிட்டார். ஆனாலும் புதன்தோறும் வருகிறார். மூன்றாம் வளைவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் விழுகிற வண்டிகளை எடுத்து வைக்கிறார். நீலக் காடியில் ஆறாவது சுற்றில் என் விரல் ஒரு கணம் பிந்தி விலகியது. டால்பின் பக்கவாட்டில் எழும்பி, உருண்டு, அவர் முன்னால் போய்க் கிடந்தது. அவர் எடுத்தார். ஒரு விரலால் நாக்கைத் தடவிப் பார்த்து, நீலக் காடியில் இறக்கினார். பார்த்துச் செய்ததைவிட விரைவாகவே இருந்தது.

மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்தது. கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்து வளைவுக்குப் போய் நின்றேன். "சின்ன வண்டி. எந்த ஊர்?" என்று கேட்டார். தாய் டாம்வொர்த், பிறந்தது பெங்களூர், நான் பார்த்தது சோழவரம் என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் விளக்கு பச்சையானது. அவர் பேச்சை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் என் வளைவைப் பார்த்தேன்.