கைத்தொழிலா, கைவிலங்கா?

படிக்கின்ற பருவத்திலே பணியும் செய்வது மாணவர்க்கு உயர்வா, இழுக்கா?

தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைப் பாராட்டுகிறோம். 1895-இல் சாராள் தக்கர் மகளிர் கல்லூரி, 1923-இல் தூய சவேரியார் கல்லூரி, 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எனப் பொருநை பாயும் இந்நிலத்திலே கல்விக் கோட்டங்கள் எழுந்தன. பீடி சுற்றும் தாயொருத்தியின் மகள் அத்தகைய கோட்டம் ஒன்றிலே பயில்கிறாள் என்று கொள்வோம். வகுப்பு முடிந்தபின் கல்லூரியின் கணினிக் கூடத்தில் அமர்ந்து விழா அறிவிப்பை வடிவமைக்கிறாள். கருத்தரங்கைப் படம் பிடித்துத் தொகுக்கிறாள். ஆண்டு மலரின் பக்கங்களை அமைக்கிறாள். அதற்கு ஊதியமும் பெறுகிறாள். இது நன்றா, தீதா?

“கல்வியோடு வேலையா? ஆச்சாரியார் திட்டம் அல்லவா இது!” என்று பதறும் தோழர்கள் உண்டு. அந்தப் பதற்றத்திலே நியாயமும் உண்டு. 1953-இல் சென்னை மாநிலத்து ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளிலே படிப்பு நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைப் பிள்ளை பழகட்டும் என்றார் அவர். நாடு கொதித்தது. 1954-இல் முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். ஆனால் அன்று நாம் எதிர்த்தது எதை? உளியையா? தறியையா? இல்லை! உளி பிடிக்க வேண்டிய கை எது என்பதைப் பிறப்பு முடிவு செய்வதை எதிர்த்தோம்.

அதற்கும் முன்னரே பொருநைக் கரை நமக்கொரு பாடம் புகட்டியது. வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்திலே பார்ப்பனச் சிறுவர்க்குத் தனியிடத்தில் உணவு என்ற செய்தி, 1924-25-இல் தமிழகத்தையே உலுக்கியது. தேசியக் கல்வி என்று பெயர். பொதுமக்கள் தந்த பணம். ஆயினும் பந்தியிலே பிரிவினை! வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் போர்க்குரல் எழுப்பினர். பாடம் எவ்வளவு சிறந்தாலும், சமத்துவம் இல்லாத கூடம் கல்விக்கூடம் ஆகாது.

மராட்டியத்தைப் பாருங்கள். புலேயின் சத்தியசோதக இயக்க வழிவந்த பாவுராவ் பாட்டில், 1919-இல் இரயத் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே விடுதியிலே சேர்த்து, உழைத்து ஈட்டிக் கற்கச் செய்தார். அங்கே உழைப்பு, வறியவர்க்குக் கல்விக் கதவைத் திறந்த திறவுகோல். குலக்கல்வியிலோ அதே உழைப்பு, கதவைச் சாத்திய தாழ்ப்பாள்!

ஆகவே, உழைக்கலாமா என்பதன்று கேள்வி. யார் தேர்ந்த உழைப்பு? எதைக் கற்பிக்கும் உழைப்பு? யாருக்குப் பயன்படும் உழைப்பு? இம்மூன்றுமே கேள்வி.

முதலாவது: கணினியிலே படம் தொகுக்கும் கலை எந்தக் குலத்தின் சொத்தும் அன்று, எந்தச் சாத்திரமும் அதை எவர்க்கும் ஒதுக்கவில்லை. ஆனால் பொருளில்லாமை ஒரு புதிய மனுநீதி! கிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர் போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றை இயக்கும் கணினி விலையின்றிக் கிடைப்பதில்லை. வசதியுள்ளவன் வீட்டிலே கற்பான். வறியவளுக்கு வளாகப் பணிதான் கருவி, ஆசான், காலம் மூன்றையும் ஒருங்கே தரும். எனவே அப்பணிக்கான தேர்வு வெளிப்படையாக நடைபெற வேண்டும். வேண்டியவர்க்கு விருந்தாகக் கூடாது.

இரண்டாவது: எழுத்தின் அளவையும் வண்ணத்தின் பொருத்தத்தையும் வகுப்பு விளக்கும். சுவரிலே ஒட்டிய அறிவிப்பை நின்று படிப்பாருண்டா என்பதைப் பணிதான் உணர்த்தும். நாளைத் தவறாக அச்சிட்டால் அரங்கம் காலியாகும்; அந்தப் பாடம் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் பயிற்சி என்று சொல்லித் தேநீர் வாங்கவும் தாள்கட்டுச் சுமக்கவும் ஏவினால், அது கல்வியன்று, சுரண்டல்! குறித்த நாளில் ஊதியம், அளவான நேரம், தேர்வுக் காலத்தில் விடுப்பு, படைப்பிலே படைத்தவர் பெயர்: இவை சலுகைகள் அல்ல, உரிமைகள்.

மூன்றாவதுதான் நெஞ்சைச் சுடுவது. நெல்லைச் சீமையின் இளைஞர் சிலர் கைப்பேசியிலே செய்வது என்ன? சாதித் தலைவர் படத்துக்கு ஒளிவட்டம் தீட்டுகிறார்கள். அரிவாளுக்குப் பின்னணி இசை கூட்டுகிறார்கள். ஆண்ட பரம்பரை என்று பொன்னெழுத்திலே பொறிக்கிறார்கள். திறமை இருக்கிறது, மனிதம் எங்கே? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியிலே தாழ்த்தப்பட்ட மாணவர் ஒருவரையும், தடுக்க வந்த அவர் தங்கையையும், அவருடைய பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு, 2024 சூனில் தந்த அறிக்கையிலே, சாதி காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணியத் தடை வேண்டும் என்றது. கையிலே கட்டிய கயிற்றைச் சட்டம் அறுக்கும். திரையிலே கட்டிய கயிற்றை யார் அறுப்பது?

அந்தத் தொழிலறிந்த கைதான் அறுக்க முடியும்! கலைஞர் மாணவப் பருவத்திலே ‘மாணவ நேசன்’ கையெழுத்து ஏட்டை நடத்தினார். 1942-இல் ‘முரசொலி’யைத் துண்டறிக்கையாகத் தந்தார். கைப்பழக்கம் இருந்தது, அதைச் செலுத்தக் கொள்கையும் இருந்தது. கொள்கையற்ற திறன் கூலிக்கு எவர்க்கும் அரிவாள் தீட்டும். திறனற்ற கொள்கையோ ஊமையாய் நிற்கும்.

இளைஞர்களே! வளாகத்திலே வாய்ப்பு வந்தால் தயங்காதீர்கள். இல்லையேல் கேட்டுப் பெறுங்கள். உழைத்துக் கற்பது இழுக்கன்று. கற்ற கலையைச் சாதிக்கு அடகு வைப்பதே இழுக்கு!