கரையாது என்னும் சொல்

'இப்பொருள் நீரிற் கரையாது. ஆதலின் அச்சம் வேண்டியதில்லை' என்று கூறப்படும்போது இரண்டு கூற்றுக்கள் ஒன்றாகப் பிணைக்கப்படுகின்றன. முன்னது பொருளின் இயல்பைப் பற்றியது. பின்னது உயிர்களின் நலத்தைப் பற்றியது. முன்னதிலிருந்து பின்னது தானே பிறந்துவிடுமா? விஞ்ஞானத்தை மக்களின் உடைமையாகக் கருதுவோர் இவ்வினாவைத் தட்டிக்கழிக்க முடியாது.

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள கிளியர் ஏரியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அங்கு விடுமுறைக்கு வருவோருக்கு ஒருவகைச் சிறு பூச்சி தொல்லையாயிருந்தது. அது கடிப்பதுமில்லை, இரத்தம் குடிப்பதுமில்லை. அதனை ஒழிப்பதற்காக டி.டி.ரி.யின் நெருங்கிய உறவாகிய டி.டி.டி. என்னும் நஞ்சு 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் ஏரியில் இடப்பட்டது. ஐந்து கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு என்பதே அதன் உச்ச அளவு. ஆயினும் முக்குளிப்பான் இனத்து நீர்ப்பறவைகள் மடிந்தன. அவற்றின் கொழுப்பை ஆராய்ந்தபோது பத்து இலட்சத்தில் 1,600 பங்கு நஞ்சு காணப்பட்டது. ஏரிநீரில் இட்டதைப்போல 80,000 மடங்கு! நீர் ஏற்க மறுத்ததைக் கொழுப்பு ஏற்றுக்கொண்டது. மிதக்கும் நுண்ணுயிர்களிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் அது பெருகிச் சென்றது.

ஆகவே, எவ்வளவு கரையும் என்று அளப்பது, அப்பொருள் எங்கே போய்ச் சேரும் என்று முன்கூட்டியே கேட்பதாகும். பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 1981 இல் வகுத்து 1995 இல் திருத்திய முறை இதற்குரிய பொறுமையைக் காட்டுகின்றது. கரையக்கூடியதிலும் மிகையான பொருளை மூன்று பாத்திரங்களில் நீருடன் இட்டு, 30 பாகை செல்சியசிற் குலுக்குவர். ஒன்றை ஒரு நாளின் பின்னும், ஏனையவற்றை இரண்டு, மூன்று நாட்களின் பின்னும் எடுத்து, சோதனைக்குரிய வெப்பநிலையில் ஒரு நாள் வைத்து, கரையாத துகள்களை அகற்றியபின் அளப்பர். கடைசி இரு பெறுபேறுகளேனும் ஒத்திருத்தல் வேண்டும். லீற்றருக்கு 10 மில்லிகிராமிலும் குறைவாகக் கரைவனவற்றுக்கு இம்முறையும் போதாது. குலுக்கலில் மிதக்கும் நுண்துகள்கள் கரைந்தவைபோல ஏமாற்றும். அத்தகைய பொருளைக் கண்ணாடி மணிகள்மீது பூசி, அவற்றினூடே நீரை மெல்லச் செலுத்தி அளப்பர். இத்தனை உழைப்பையும் 'கரையாது' என்னும் ஒரு சொல்லால் ஈடுசெய்ய முனைவது அறிவின் சோம்பல் மட்டுமன்று, அறத்தின் சோம்பலுமாகும்.

எனினும் எண் மாத்திரம் தீர்ப்பாகாது. 1934–35 இல் பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்ட மலேரியாவை எதிர்த்து, 1946 முதல் இலங்கையின் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். எளிதிற் கரையாமலும் சிதையாமலும் சுவரில் நிலைத்த அதே இயல்புதான் அங்கு ஏழைக் குழந்தைகளைக் காத்தது. ஏரியிலோ உயிர்களை மாய்த்தது. ஓரிடத்தில் உயிர் காப்பது நோக்கம், மற்றோரிடத்தில் உல்லாசம்.

எவ்வளவு கரையும் என்பதற்கு ஆய்வுகூடம் விடை தரும். யாருடைய நன்மைக்காக, யாருடைய உடலைப் பணயம் வைத்து என்னும் வினாக்களுக்குச் சமுதாயமே விடை கூறவேண்டும். அவ்விடை நேர்மையானதாக இருக்கவேண்டுமாயின், அளவு முன்னே வரவேண்டும். தெளிப்பு பின்னே வரவேண்டும்.